நான் பூசிய சுவர்

2015-ஆம் வருஷத்து மழை ஓய்ந்த மறுவாரம், காலை ஏழு மணிக்கு ஒரு போன். "மேஸ்திரி, கூடத்துல மேல்தளத்திலேர்ந்து ரெண்டு கல்லு விழுந்துடுச்சு. அம்மா உங்களத்தான் கூப்பிடச் சொல்றாங்க." தெருப் பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் அடைத்தது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிற வீடு. அந்தக் கூடத்துச் சுவர்களைக் கொத்தி, சிமெண்ட் பூசி, கை நிறையக் கூலி வாங்கிக்கொண்டு போனவன் நான். 1989-இல், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்காக.

உடனே கிளம்பிப் போனேன். தெருவோரத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, நிலைக்கதவைத் தாண்டினால் நடை, நடை முடிகிற இடத்தில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள், பின்னால் கூடம். மாடி மட்டும் பிரெஞ்சுக்காரர் பாணி: வளைவு வைத்த ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரில் சுதை வேலை. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. இந்த ஊர்க் கொத்தனார்களின் கைக்கு அது பழகிப்போன அமைப்பு. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு எழுந்தவைதான் இங்கே நிற்கிற வீடுகள். இந்த வீட்டுக்குப் பத்திரப்படி நூற்று முப்பது வயது.

கூடத்தில் கால் வைத்ததுமே வாசனை சொல்லிவிட்டது. ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்த வாசனை. சுவரில் ஓதம் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற பூச்சு 'டக் டக்' என்று பதில் சொல்லும். இது 'பொத் பொத்' என்றது. பூச்சுக்கும் சுவருக்கும் நடுவே இடம் விட்டுப்போயிருந்தது. வலப்பக்கச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைந்த இடத்தில் உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டேன், செங்கல்லே அரிசிமாவு மாதிரி உதிர்ந்தது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே, "வாப்பா. நீ பூசின செவுருதான். அப்ப எப்படி இருந்துச்சு, கண்ணாடி மாதிரி" என்றார். குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் அப்பா சுண்ணாம்புக் கொத்தனார். 1974-இல், பன்னிரண்டு வயதில், அவரோடு வேலைக்குப் போனேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை கடுக்காய் உடைப்பது. உடைத்த கடுக்காயையும் கருப்பட்டியையும் பானையில் ஊறப்போட்டு நாள் கணக்கில் வைத்திருப்போம். நுரை தள்ளிப் புளித்த வாடை வந்த பிறகுதான் சாந்தில் ஊற்றலாம். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டால் குழி முழுக்கக் கொதிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள். அப்படி நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது பதினைந்து நாள் கிடக்க வேண்டும். எடுக்கும்போது கரணையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பிறகு மணலும் செங்கல் தூளும் சேர்த்து, மாடு சுற்றுகிற அரவையில் அரைக்க வேண்டும். அரைபட அரைபடச் சாந்து ஒட்டும். அப்பா ஒரு உருண்டையைச் சுவரில் எறிந்து பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் போதும் என்பார். வழுகினால் மாட்டை இன்னும் ஐம்பது சுற்று விடச் சொல்வார்.

சுண்ணாம்பு சுவரில் ஏறினதும் வேலை முடிந்துவிடாது. சூளையில் வேகும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. பூசின பிறகு காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, மறுபடி கல்லாகிறது. அதற்கு வாரமும் ஆகும், மாதமும் ஆகும். அதுவரை வெயில் படாமல், காய்ந்துபோகாமல், ஈரச் சாக்குப் போட்டுக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சு போடக்கூடாது. இத்தனைக்கும் வீட்டுக்காரர் பொறுமையாக இருக்க வேண்டும். எங்கள் தொழில் நசித்தது அந்த இடத்தில்தான்.

அதுவரை சுண்ணாம்பைக் காப்பாற்றி வைத்திருந்தது சிமெண்டுக்கு இருந்த கட்டுப்பாடு. பெர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982-இல் அரசாங்கம் பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தது. 1989-இல் முழுவதையும் எடுத்துவிட்டது. கடைத்தெருவில் காசைக் கொடுத்தால் மூட்டை வீட்டுக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, தனியாகக் காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியிருந்தேன். இந்த வீட்டு அய்யா கூப்பிட்டார். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. கூடத்துச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. "சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க, பளிச்சுனு இருக்கணும்" என்றார். நான் நாலு சுவரையும் கொத்தினேன். பழைய பூச்சில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து, சிமெண்ட் பிடித்துக்கொள்வதற்காக. மேலே சிமெண்ட் பூச்சு. அதன் மேல் பட்டி பார்த்து, இடுப்பு உயரத்துக்கு எனாமல் பெயிண்ட். விளக்கு மாடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஷோகேஸ் வேண்டும் என்றார்கள், செங்கல் வைத்து மூடினேன். பதினாறு நாளில் முடித்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு அப்பாவும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற தண்ணி எந்தப் பக்கமாடா போவும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. காலத்தோடு போகத் தெரியாதவர் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது இதுதான். பழைய வீட்டு அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க இப்போது போடுகிற தடுப்பு அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கிற தண்ணீரைச் செங்கல் திரி மாதிரி உறிஞ்சி மேலே ஏற்றும். ஏறுகிற தண்ணீர் முழங்கால் உயரத்துக்குள் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். கூடவே வருகிற உப்பு அந்தப் பூச்சிலேயே தங்கி அதை மெல்ல அரிக்கும். அதனால்தான் பழைய வீடுகளில் சில வருஷத்துக்கு ஒரு முறை அடிச்சுவர்க் காரையை மட்டும் மாற்றுவார்கள். பூச்சு தேயும், செங்கல் பிழைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் பெயர்ந்திருந்த முழங்கால் உயரக் காரை நோயே இல்லை. வீடு தன்னைப் பார்த்துக்கொண்ட விதம் அது. நான் அதன் மேல் சிமெண்டையும் எனாமலையும் போட்டு வாயை அடைத்தேன். வெளியேற வழியில்லாத தண்ணீர் இன்னும் மேலே வழி தேடி ஏறியது. உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைத்தது. முழங்காலில் நின்ற ஓதம் நெஞ்சுக்கு வந்த கதை இவ்வளவுதான்.

இப்படி எத்தனை வீடு செய்தேன் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பதினாலு வருஷம் சிமெண்ட் வேலைதான். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளைச் சீரமைக்கும் வேலை நடந்தது. அந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அந்த முகப்பு வேலை நடந்த சமயத்தில்தான் ஊரில் சுண்ணாம்பு தெரிந்த கை எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் என் அப்பாவைத் தேடி வந்தார். எழுபது தாண்டியவர், கரணை பிடித்தால் கை நடுங்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கைத்தடியால் காட்டுவார், நான் பூசுவேன். பன்னிரண்டு வயதில் கற்றதை நாற்பது வயதில் மறுபடி அவரிடம் கற்றேன். "அழுத்தாதே, தடவு" என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்வார். பழைய கோபத்தைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை. அந்த வேலை முடிந்து இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார்.

கல் விழுந்த இந்த வீட்டுக்கு மூன்று பங்கு. பெரிய மகன் பிரான்ஸில் இருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய புதுச்சேரிக் குடும்பங்களில் இதுவும் ஒன்று. சின்னவர் சென்னையில். பெண் கடலூரில். சின்னவருக்கு விற்றுவிட வேண்டும் என்று எண்ணம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அதற்கு முந்தின வருஷம், 2014 நவம்பர் மழையில், கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்திருந்தது. 1870-களில் எழுந்த நகராட்சிக் கட்டடம், ஊரே பார்த்து வளர்ந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். ஆனால் அது விழுந்த வாரத்தில் பழைய வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் ராத்திரித் தூக்கம் போயிற்று. என்னிடமே மூன்று வீட்டுக்காரர்கள், இடித்துவிடலாமா என்று கேட்டார்கள். இந்த வீட்டில் அந்தக் கேள்வியை அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "நான் இருக்கேன்ல."

வேலை பேசுகிற அன்று அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, இந்தச் செவுரு கெட்டது என்னோட வேலையால. அந்த சிமெண்ட எடுக்கிற கூலிய நான் வாங்க மாட்டேன்" என்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது. அவர் கொஞ்ச நேரம் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி இருந்தார். "அவசரப்படுத்தினது நாங்கதானேப்பா. கூலி வாங்காம ஆளுங்களுக்கு என்ன குடுப்ப?" என்றார். பிறகு, "என் மாடத்த மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்துடு. எங்க மாமியார் விளக்கு வச்ச இடம்" என்றார்.

முதலில் மேல்தளம். மழைக்காலத்தில் விழுந்தது என்பதால் எல்லோரும் மழையைத்தான் குற்றம் சொன்னார்கள். மொட்டை மாடியில் ஓரமாக ஒரு சதுரம் வெட்டிப் பார்த்தேன். தட்டோட்டுக்கு மேல் நாலு அடுக்கு சிமெண்ட் இருந்தது. ஒழுகும்போதெல்லாம் யாரோ ஒருவர் வந்து ஒரு பூச்சு போட்டிருக்கிறார். மொத்தம் மூன்றரை அங்குலம். இதை வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை: முந்நூறு சதுர அடி அறைக்கு மேல் ஒரு அங்குலம் சிமெண்ட் சாந்து என்றால் ஏறத்தாழ ஒன்றரை டன். அந்தக் கூடத்துத் தேக்குக் கட்டைகள் தங்கள் சொந்தச் சுமைக்கு மேல் ஐந்து டன்னைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. அப்படியும் ஒழுகல் நிற்கவில்லை. வெயிலில் சிமெண்ட் விரியும், மழையில் சுருங்கும், வெடிக்கும். வெடிப்பில் இறங்கின தண்ணீர் வெளியே வர முடியாமல் கட்டையின் நுனியைத் தேடிப் போகும்.

கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் வீடுகள் சாகின்றன. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு நுனியிலும் குத்திப் பார்த்தேன். மொத்தம் பதினேழு கட்டை. பன்னிரண்டில் முனைகூட இறங்கவில்லை; நூற்று முப்பது வருஷத் தேக்கு, இரும்பு மாதிரி. ஐந்தில் கைப்பிடி வரை சத்தமில்லாமல் போயிற்று. அந்த ஐந்துக்கும் கெட்ட நுனியை அறுத்து எடுத்து, இடித்த வீட்டு மரம் விற்கிற கடையில் அதே பருமனில் பழைய தேக்கு வாங்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கிச் சேர்த்தோம். நுனிகளுக்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டை எண்ணெய் மூன்று முறை. கரையான் அதன் கிட்டே அண்டாது. கட்டையை மறுபடி சுவரில் ஏற்றும்போது, நுனியைச் சுற்றி விரல் நுழைகிற அளவு காற்று போக இடம் விட்டோம். முன்பு யாரோ அங்கே சிமெண்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

மெத்தைத் தளம் போடுவதைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அவற்றின் மேல் சின்ன அச்சுக்கற்கள், ஒரு அங்குலக் கனம்தான் இருக்கும். அவற்றைப் படுக்க வைப்பதில்லை, கோணலாக, ஓரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அடியில் பலகை கிடையாது, முட்டுக் கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, கல்லின் விளிம்பில் சாந்தைத் தடவி, முந்தின கல்லோடு அழுத்திப் பிடித்து மனசுக்குள் பத்து எண்ணிக் கையை எடுக்க வேண்டும். கல் அந்தரத்தில் நிற்கும். சாந்து சரியாக அரைபட்டிருந்தால் மட்டுமே நிற்கும். என் குழுவில் இருந்த இளைஞர்கள் இரண்டு பேர் முதல் நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே கல் வைத்தார்கள்.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரை பங்கு சுண்ணாம்பு என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. நாங்களும் அதையே வைத்துக்கொள்கிறோம். மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிப்பது பெண்கள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஒரே தாளத்தில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்வார்கள். பாட்டு தானாக வரும். எங்கள் குழுவின் மூத்த அக்காவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது; சின்னப் பெண்ணாக இருக்கும்போது என் அப்பாவின் சாரத்தில் சாந்து தூக்கியவர். மூன்றாம் நாள் மத்தியானம் நான் போதும் என்றேன். அவர் காதைத் தளத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். "இன்னும் தண்ணி பேசுது" என்றார். நாலாம் நாள் சாயங்காலம் கட்டை அடித்த இடத்திலிருந்து துள்ளி மேலே வந்தது, சத்தம் வெண்கலச் செம்பைத் தட்டினது போல மாறியது. அப்போதுதான் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்கு மேஸ்திரிக் கூலிதான் கொடுத்தேன். சித்தாள் கூலி கொடுத்தால் அது திருட்டு.

பிறகு சுவருக்கு வந்தேன். சிமெண்டை எடுப்பது பூசுவதைவிட மூன்று மடங்கு வேலை. பழைய செங்கல் மிருதுவானது. சிமெண்ட் அதைவிடக் கெட்டி. சம்மட்டி வைத்து அடித்தால் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சின்ன உளி, சின்னச் சுத்தி, ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். முதல் சுவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வேறு யாரையும் அந்தச் சுவரில் தொடவிடவில்லை.

நாலாம் நாள் ஒரு பெரிய பாளம் முழுசாகக் கழன்று வந்தது. அடியில் சுவரோடு ஒட்டி நின்றது பழைய சுண்ணாம்புப் பூச்சு. யாரோ ஒரு கொத்தனார் நாள் கணக்கில் கூழாங்கல் வைத்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. இன்னமும் மினுங்கியது. அதன் மேல் வரிசை வரிசையாக, இரண்டு அங்குலத்துக்கு ஒன்று, கொத்து விழுந்த பள்ளங்கள். ஒவ்வொன்றும் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. நான் உளியை அப்படித்தான் பிடிப்பேன். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா காபி கொடுத்தனுப்பினார்.

மாடம் ஏழாம் நாள் கிடைத்தது. நான் வைத்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளே இருட்டில் எண்ணெய்ப் பிசுக்கு வாசனை. மேல் வளைவில் புகைக்கரி அப்படியே இருந்தது. சிமெண்ட் படாத ஒரே இடம் அதுதான் என்பதால், அந்த வீட்டின் பழைய நிறமும் அங்கேதான் கிடைத்தது: வெள்ளைக்குள் கொஞ்சம் நீலம் கலந்த, வெளுத்த வானம் மாதிரி ஒரு நிறம். ஓரத்தில் காவிக் கரை. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கையை விட்டு, கரி படிந்த விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

சிமெண்டை எடுத்த பிறகு சுவரை நாலு மாதம் அம்மணமாக விட்டேன். வீட்டாருக்கு இதுதான் பொறுக்கவில்லை. விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். ஆனால் இருபத்தாறு வருஷத்து உப்பு ஒரு நாளில் வராது. தினமும் உலர்ந்த துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளுவோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். நடுவில் ஒரு முறை மணல் அதிகமாக, சுண்ணாம்பு குறைவாகச் சேர்த்து ஒரு நோஞ்சான் பூச்சு பூசி, இரண்டு மாதம் உப்பைக் குடிக்கவிட்டு, அதையும் கொத்தி எறிந்தோம். ஓதம் நிற்கிற உயரத்தில் மாதம் ஒரு பென்சில் கோடும் தேதியும் போட்டு வந்தேன். முதல் கோடு நாலரை அடியில்.

அந்த நாலு மாதமும் பெரிய மகனோடு போனில் வழக்கு. நல்ல மனிதர், பணத்துக்குப் பின்வாங்காதவர். முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட வேண்டும், கூடத்துக்குப் பளபள டைல்ஸ் வேண்டும், மேலே பொய்க்கூரை வேண்டும் என்றார். முற்றத்தை மூடினால் வீட்டின் வெக்கை போக வழியில்லை. மே மாதம் ஒரு வாரம் வந்து தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். புறாவுக்கும் குரங்குக்கும் கம்பி வலை மட்டும் போட்டோம். தரையை டைல்ஸால் அடைத்தால் அடியில் இருக்கிற ஈரம் மொத்தமும் சுவருக்குத் திரும்பும் என்று விளக்கிய பிறகு, கூடத்துப் பழைய பூப்போட்ட தரைக்கற்களையே மெருகேற்றி, முற்றத்தைச் சுற்றி மட்டும் சுட்ட மண் சதுரக்கல் பதித்தோம். பொய்க்கூரை பற்றி நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. சுத்தம் செய்து எண்ணெய் கொடுத்த தேக்குக் கட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதை மூடச் சொன்ன பேச்சே பிறகு வரவில்லை.

வீட்டை ஒட்டியே குளியலறை வேண்டும் என்று அவர் கேட்டதில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. எண்பது வயதுப் பெண்மணி ராத்திரியில் கிணற்றடியைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பழைய வீட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதில் இருக்கிறவர்களின் முழங்காலைப் பார்க்காமல் விடுவதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். பின்கட்டில், பழைய சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, தனியாகச் சுவர் எழுப்பிக் கட்டினோம். ஒரு குழாய்கூடப் பழைய சுவருக்குள் போகவில்லை. மின்கம்பிகளையும் சுவரை வெட்டிப் புதைக்காமல், மரப்பட்டிக்குள் வெளியே தெரியும்படி கொண்டுபோனோம்.

ஒரே ஒரு விஷயத்தில் கடைசி வரை மறுத்தேன். இடித்த வீட்டுத் தூண்கள் நாலு விலைக்கு வருகின்றன, முகப்பில் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கெட்டுப்போன கட்டைக்குப் பதில் பழைய கட்டை வாங்கலாம், அது வீட்டுக்கு மருந்து. தேவையில்லாத இடத்தில் இன்னொரு வீட்டின் தூணைக் கொண்டுவந்து அழகுக்கு நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தூணுக்காகவே எங்கோ ஒரு வீட்டை இடிக்கிறார்கள்.

2016 செப்டம்பரில் பூச்சு தொடங்கியது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நாள். கடைசிப் பூச்சு வடிகட்டின சுண்ணாம்பும் சலித்த வெள்ளை மணலும். மெருகுக்கு அப்பாவின் கூழாங்கல்லை எடுத்துப் போயிருந்தேன்; உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் கல், ஒரு பக்கம் அவர் கை தேய்த்த வழுவழுப்பு. பூச்சில் விரல் அழுந்தினால் தடம் விழாமல், ஆனால் ஈரம் மட்டும் ஒட்டுகிற ஒரு நேரம் வரும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். அழுத்தக்கூடாது. தடவ வேண்டும்.

நிறத்துக்கு மாடத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தோம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் நீலம் போடும்போது வாளியில் பார்க்கிற நிறத்தை நம்பக்கூடாது. காய்ந்தால் பாதிக்கும் கீழே வெளுத்துவிடும். பழைய ஓட்டுத் துண்டுகளில் அடித்து வெயிலில் வைத்து, பதினொன்றாவது துண்டில்தான் மாடத்து நிறம் வந்தது. தாழைவிழுதை நசுக்கிக் கட்டிய மட்டையால், தண்ணீராக மூன்று முறை. கடைப் பெயிண்ட் மாதிரி அது ஒரே சீராக இருக்காது. காலையில் முற்றத்து வெளிச்சம் படும்போது ஒரு நிறம், விளக்கு வைத்தபின் வேறு நிறம்.

பின்கட்டில் ஒரு டிரம் நிறைய நீற்றிய சுண்ணாம்பை வைத்து, மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும் என்று வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிச்சுவருக்கு அதில் எடுத்து அடித்துக்கொள்ளலாம். காரை பெயர்ந்தால் பயப்பட வேண்டாம், கூப்பிடுங்கள் என்றேன்.

பென்சில் கோடுகளைக் கடைசிப் பூச்சுக்கு முன்னால் நிலைக்கதவின் உட்புறத்தில் அதே உயரத்துக்கு மாற்றி எழுதி வைத்திருந்தேன். வேலை முடிந்த பிறகும் மாதத்துக்கு ஒரு தரம் போய்த் தட்டிப் பார்ப்பேன், கோடு போடுவேன். மூன்றடி. இரண்டே முக்கால். மறு மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறி, தையில் மறுபடி இறங்கியது. 2018 மார்ச்சில் போட்ட கோடு ஒன்றரை அடியில் நின்றது, 1989-இல் நான் பார்த்த அதே முழங்கால் உயரம். குனிந்து எழுதும்போது அம்மா ஊஞ்சலிலிருந்து, "எவ்வளவுப்பா?" என்று கேட்டார். சொன்னேன். "தேதியும் போட்டுடு" என்றார்.